அன்ரியின் அம்மாவைப் பெற்றவள்

மெல்பேணில் எங்கள் ஊரின் பெயரை முதன்முதலில் இன்னொருவர் வாயால் கேட்டது ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில். எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் ஓர் அலுவலகத்தில் வடிகால்களுக்குப் படம் வரையும் வேலையில் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை காலையில் மனைவியோடு கடைக்குப் போவது அந்த நாட்களில் எங்களுடைய ஒரே உலாத்து.

மனைவி ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தாள். கறுத்துப் பருத்து, எங்கள் கத்தரிக்காய்க்கு ஒரு உறவும் இல்லாத மாதிரி இருந்தது.

"உது முத்தல். வையும்," என்றேன்.

"முத்தல் இல்லைத் தம்பி. உதின்ரை தோல் அப்பிடித்தான். நல்லாய் அவியும்."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், பூப்போட்ட கவுணும் நீளக் காலுறையும் அணிந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். நாங்கள் இரண்டு பேரும் அவரையும் கத்தரிக்காயையும் மாறி மாறிப் பார்க்க, அவர் சிரித்துவிட்டார்.

"பயப்பிடாதையுங்கோ. நான் பறங்கி. பிறந்து வளர்ந்தது எல்லாம் யாழ்ப்பாணம் ரவுண். நீங்கள் எந்த ஊர்?"

"யாழ்ப்பாணந்தான் அன்ரி."

"அது உம்மடை தமிழிலை தெரியுது. யாழ்ப்பாணத்திலை எந்த ஊர்?"

சொன்னேன். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெயரை மெல்ல வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பின்னேரம் ரெண்டு பேரும் என்ரை வீட்டை தேத்தண்ணிக்கு வரவேணும்," என்றார். அழைப்பு மாதிரியே இல்லை, கட்டளை மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கடையிலிருந்து பத்து நிமிட நடை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணம் முடித்து அடிலெய்டில். தேத்தண்ணியும் கேக்கும் முடிந்ததும் அன்ரி அலுமாரியிலிருந்து ஒரு நீளமான சுருளை எடுத்து வந்து மேசையில் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்தார். நான் படம் வரைகிறவன். ஆகவே முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கை வேலைதான். கறுப்பு மையில் இழுத்த நேரான கோடுகள், பெட்டி பெட்டியாகப் பெயர்கள், உச்சியில் ஒல்லாந்துக் கப்பலில் வந்து இறங்கிய ஒரு சிப்பாய்.

"இதுதான் எங்கடை பாஸ்போட்," என்றார் அன்ரி.

அவர்கள் வந்த ஐம்பதுகளில் இந்த நாடு வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடாது. இலங்கையில் ஒல்லாந்தர், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் வருவதென்றால் முக்கால் பங்குக்கு மேல் ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டும். அன்ரியின் கணவர் கொழும்பில் பரம்பரை எழுதிக் கொடுக்கும் ஒரு கிழவரைப் பிடித்து இந்த அட்டவணையை எழுதுவித்தாராம். கணவர் பக்கம் பிரச்சினை இல்லை. அன்ரியின் பக்கத்தில்தான் ஒரு பெட்டி இடறியது. அவருடைய அம்மாவைப் பெற்றவளின் பெட்டி.

அன்ரி அந்தப் பெட்டியில் விரலை வைத்தார். அதில் ஒரு டச்சுப் பெயர் இருந்தது.

"இந்தப் பேரிலை எங்கடை குடும்பத்திலை ஒரு மனுசியும் இருந்ததில்லைத் தம்பி. என்ரை மனுசன் ஒரு கல்லறையிலை பாத்து எழுதின பேர் இது."

"அப்ப உண்மையான ஆள்?"

"தமிழ்ப் பெட்டை. மிசன் பள்ளிக்கூடத்திலை தங்கிப் படிச்சு, வேதத்துக்கு மாறி, அரசாங்கக் கச்சேரியிலை எழுதுவினைஞராய் இருந்த பறங்கியை முடிச்சவ. என்ரை அம்மா கைக்குழந்தையாய் இருக்கேக்கையே செத்துப்போனாவாம். வேறை ஒண்டும் தெரியாது. அம்மாவுக்குக் காய்ச்சல் காய்ஞ்சால் மட்டும் ஒரு ஊரின்ரை பேரைச் சொல்லுவா. காய்ச்சல் விட்டால் கேட்டாலும் சொல்லமாட்டா."

அது எங்கள் ஊரின் பெயர்.

"ஏன் அன்ரி இப்ப தேடுறியள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"முந்தித் தேடியிருந்தால் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். இப்ப சட்டம் மாறிப்போச்சு. உங்களையே விட்டிருக்கிறாங்கள். எனக்கு அறுபத்தி நாலு வயசு. பிள்ளை, என்ரை அம்மாவைப் பெத்தவளின்ரை இடத்திலை ஆரோ ஒருத்தியின்ரை கல்லறைப் பேரை எழுதி வைச்சிட்டு நான் சாகேலாது."

நான் உடனே ஏற்றுக்கொண்டேன். என்னுடைய அண்ணா ஊரில் ஆசிரியர். அவள் ஞானஸ்நானம் பெற்றிருக்கக்கூடிய எங்கள் ஊர் வேதக்கோயில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே இருந்தது. அந்தப் பறங்கி எழுதுவினைஞரின் பெயரை வைத்து, ஞானஸ்நானமும் விவாகமும் எழுதும் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அவளுடைய பெயரை எழுதி அனுப்புவதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? "ரெண்டு மாதத்திலை எடுத்துத் தாறன் அன்ரி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாக்கை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லு நெருமும்.

முதல் கடிதத்துக்கு ஆறு கிழமையில் பதில் வந்தது. நீல நிற விமானக் கடிதம். மூன்று மடிப்பையும் பிரித்து இரண்டு தடவை வாசித்தேன். தங்கச்சிக்குப் பேசி வரும் மாப்பிள்ளை, மழை இல்லாதது, கிணற்றில் பம்பு இறுகியது எல்லாம் இருந்தன. நான் கேட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து இரண்டாவது கடிதத்தில் அந்த விஷயத்தை மட்டுமே எழுதினேன். பாதிரியார் மாற்றலாகிப் போய்விட்டார் என்று பதில் வந்தது. மூன்றாவதுக்கு, புதுப் பாதிரியார் வந்துவிட்டார், ஆனால் அலுமாரிப் பூட்டின் திறப்பு பழையவரிடம் இருக்கிறது என்று வந்தது. நாலாவதுக்குப் பதிலே இல்லை. ஐந்தாவதுக்கு, மாரி முடியட்டும் என்று ஒரு வரி.

நான் அண்ணாவுக்குப் பத்து வயது இளையவன். அவருக்கு முன்னால் நின்று கதைத்ததே குறைவு. ஆனால் அந்த வருடம் குசினி மேசையில் இருந்து அவரைப் பேசாத பேச்சு இல்லை. "ஒரு புத்தகத்தைத் திறந்து பாக்கிறதுக்கு இவருக்கு என்ன நோ? வெள்ளைக்காரன் நிலவுக்குப் போட்டு வந்திட்டான். இவருக்கு றோட்டுக்கரையிலை இருக்கிற கோயிலுக்குப் போக ஒரு வருசம்!" மனைவி பாத்திரம் கழுவியபடி, "அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்பாள். எனக்கு அதுவும் கோபத்தைக் கிளப்பும்.

அன்ரியைப் பார்ப்பதே சங்கடமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வேறு கடைக்குப் போகத் தொடங்கினோம். அப்படியும் ஒருநாள் புகையிரத மேடையில் பிடிபட்டேன். "கடிதம் வந்ததே தம்பி?" என்றார். "இன்னும் இல்லை அன்ரி. தபால் பிந்துது," என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை விட அவர் ஏசியிருந்தால் நல்லது.

என் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரரும் அப்போது குடும்ப வரலாறு தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆஸ்திரேலியர். மத்தியான நேரத்தில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த பிரதிகளைக் காட்டுவார். அவருடைய மூதாதை ஒருவர் சுதந்திரமாக வந்து குடியேறியவர் என்றுதான் தலைமுறை தலைமுறையாக வீட்டில் சொல்லியிருந்தார்களாம். பார்த்தால், செம்மறி திருடி விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்ட கைதி. இவர் இதை மறைக்கவில்லை. மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தார். "என்னுடைய தாய் உயிரோடிருந்தால் இந்தத் தாளைக் கிழித்திருப்பாள்," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "உன்னுடைய பக்கம் எப்படி? எத்தனை தலைமுறை தெரியும்?" என்று கேட்டார்.

அப்பா, அப்பப்பா, பூட்டன். பூட்டன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். எங்களிடம் ஆயிரம் வருடத்துக் கோயில்கள் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்ற, சொல்லாமல் விட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து அண்ணாவிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. வழக்கமான நீலக் கடிதம் இல்லை. தடித்த உறை, அரக்கு வைத்து ஒட்டியிருந்தது. உள்ளே கொப்பித்தாள் இரண்டு.

"தம்பிக்கு, இதை வாசித்ததும் கிழித்துவிடு," என்று தொடங்கியிருந்தது.

அவர் என் முதல் கடிதம் கிடைத்த கிழமையே வேதக்கோயிலுக்குப் போயிருந்தார். புத்தகம் நல்ல நிலையில் இருந்தது. திறப்பும் இருந்தது. பெயரும் இருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், அதற்குப் பக்கத்தில் பழைய தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், ஊர், குறிச்சி. அந்தத் தகப்பன் எங்கள் பூட்டனுடைய தகப்பன். அந்தப் பெண் எங்கள் பூட்டனுடைய தங்கச்சி.

அப்பா சாவதற்கு முன் அண்ணாவை மட்டும் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். அவள் வேதத்துக்கு மாறிப் பறங்கியை முடித்த அன்றே வீட்டில் அவளைச் செத்தவளாக்கிவிட்டார்கள். ஐயரைக் கூப்பிட்டு, உயிரோடு இருந்தவளுக்கு, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியும் செய்து முடித்திருக்கிறார்கள். பூட்டன் ஒரே பிள்ளை என்ற கதை அதற்குப் பிறகு வந்தது. "தங்கச்சியின் சம்பந்தம் முற்றாகிற நேரம். மாப்பிள்ளை பகுதியார் எங்கள் வேரைத் தோண்டித் தோண்டி விசாரிக்கிறார்கள். நீ அங்கேயிருந்து ஒரு பறங்கி மனுசிக்கு இதை எழுத்தில் கொடுத்தால் அது சுற்றி வந்து எங்கள் படலை வாசலில்தான் நிற்கும். புத்தகம் கறையான் அரித்துப்போனது என்று சொல்லிவிடு."

நான் அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கு எதில் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக எனக்குத் திறப்புக் கதையும் மாரிக் கதையும் சொன்னாரே, அதில் கோபம். அப்பா என்னைக் கூப்பிடாமல் விட்டாரே, அதில் கோபம். முறையைக் கணக்குப் பார்த்தால் அன்ரி அப்பாவுக்குச் சகோதரி, எனக்கு மாமி. ஒரு மாமியை மரக்கறிக் கடையில் கண்டு, அவரைத் தவிர்ப்பதற்காக நான் வேறு கடைக்குப் போயிருக்கிறேன்.

உள்ளே வந்து, "நாளைக்கே போய்ச் சொல்லப்போறன்," என்றேன்.

மனைவி தாளை மடித்துப் பிடித்திருந்தாள். "சொல்லுங்கோ. பிறகு மச்சாளின்ரை கலியாணம் குழம்பினால் அதுக்கும் நீங்களே பதில் சொல்லுங்கோ."

"அன்ரி ஆருக்குச் சொல்லப்போறா?"

"அவ சொல்லாட்டில் என்ன? அடுத்த தெருவிலை ரெண்டு யாழ்ப்பாணக் குடும்பம் இருக்கு. அவ சந்தோசத்திலை இந்தாள் என்ரை சொந்தம் எண்டு ஒரு சொல்லு விட்டால் போதும். அடுத்த கிழமை ஊரிலை நிக்கும். மச்சாளுக்கு இப்பவே வயசு முப்பத்தொண்டு."

இரண்டு நாட்கள் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அண்ணாவுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். குசினி மேசையில் இருந்து ஏசியதையெல்லாம் அதில் ஏசினேன். அதற்கு வந்த பதில் இரண்டு வரி. "உனக்கு அங்கே இருந்து நியாயம் பேசலாம். இங்கே இருக்கிறவள் தங்கச்சி."

மூன்றாவது கிழமை அன்ரியே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேக். நான் கதவைத் திறந்தேன். அவர் கதிரையில் இருந்து மூச்சு வாங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது.

"அண்ணா எழுதியிருக்கிறார் அன்ரி. புத்தகம் கறையான் அரிச்சுப் போச்சாம்."

"முழுக்கவோ?"

"ஓம்."

"உம்மடை அண்ணா தன்ரை கண்ணாலை பாத்தவரோ?"

"ஓம் அன்ரி. பாத்தவராம்."

மனைவி குசினி வாசலில் நின்றாள். அவள் நான் சொன்னதைக் கேட்டு நிம்மதி அடைவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்ரி கொண்டுவந்த கேக்கை மேசையில் வைத்தார். பிறகு, "நாங்கள்தான் மறைச்சம். இந்த நாட்டுக்கு வரவேணுமெண்டு நான் கையெழுத்துப் போட்டு மறைச்சனான். இனி அவ கிடைக்கவேணுமெண்டு கேக்க எனக்கு என்ன உரிமை?" என்றார். அதற்கு ஒரு பதில் என் வாயில் இருந்தது. நீங்கள் மட்டும் மறைக்கவில்லை, உங்களுக்கு முன்னால் நாங்கள் அவளை எரித்தே முடித்தோம் என்று சொல்லியிருக்கலாம். நான் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தேன்.

ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அறிந்து பரம்பரையைத் தேடியவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பெறத்தான் தேடினார்கள். அன்ரியின் கணவர் கப்பலுக்கு, மாப்பிள்ளை பகுதியார் கலியாணத்துக்கு, என் அடுத்த மேசைக்காரர்கூட மாடியில் சொல்லிச் சிரிக்க ஒரு கதைக்கு. அவர்களுக்கெல்லாம் வேண்டியது கிடைத்தது. எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல், ஒரு பெயர் தெரிந்தால் போதும் என்று தேடியவர் அன்ரி ஒருவர்தான். அவருக்கு நான் கறையானைக் கொடுத்தேன்.

தங்கச்சியின் கலியாணம் அடுத்த வருடம் நடந்தது. நாங்கள் போகவில்லை. கலியாணப் படங்கள் வந்தன. அண்ணா வேட்டியோடு நடுவில் நிமிர்ந்து நின்றார். தங்கச்சி பிள்ளைத்தாச்சி என்று அடுத்த கடிதம் வந்ததும், இனி ஒருவரும் எதையும் குழப்பமுடியாது என்று எனக்குத் தைரியம் வந்தது. மனைவியும், "இப்ப போய்ச் சொல்லுங்கோ," என்றாள். ஒரு சனிக்கிழமை அன்ரியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஒரு வியட்நாம் குடும்பத்துத் தகப்பன். வீடு கைமாறி மூன்று மாதமாம். பக்கத்து வீட்டுக்காரி, அன்ரிக்கு மறதி கூடி அடுப்பை எரியவிட்டுப் போய்விடுவார் என்றும், மகள் வந்து அடிலெய்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்றும் சொல்லி முகவரியை எழுதித் தந்தாள்.

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். தமிழில் எழுதினால் மகளால் வாசித்துக்காட்ட முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஞானஸ்நானப் பெயர், தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன முறை என்பது, நான் பொய் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன்.

மகளிடமிருந்து பதில் வந்தது. தட்டச்சு செய்த ஆறேழு வரிகள். அம்மாவுக்கு இப்போது ஆட்களை மட்டுக்கட்டத் தெரியவில்லை, இதையெல்லாம் சொல்லி அவரைக் குழப்ப விரும்பவில்லை, மேலும் தங்கள் குடும்பம் டச்சுக் குடும்பம், அதற்குரிய பத்திரங்கள் எல்லாம் தங்களிடம் ஒழுங்காக இருக்கின்றன, தயவுசெய்து இனி இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

நான் திரும்பவும் எழுதினேன். உங்கள் அம்மாவுக்கு நல்ல நினைவு வரும் ஒரு நாளில் அந்தப் பெயரை மட்டும் ஒரு தடவை சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதம் உடைக்காமல் திரும்பி வந்தது.

அன்ரி இறந்த செய்தியை அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் ஒருநாள் கடையில் கண்டு சொன்னாள். செத்து ஒரு கிழமை ஆகியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, மாமி முறையெண்டால் எங்களுக்குத் துடக்குக் காக்க வேணுமோ?"

எனக்குத் தெரியவில்லை. பூட்டனின் தங்கச்சி வழி, அதுவும் மதம் மாறியவள் வழி. சாவுத் தீட்டு எத்தனை நாள், யார் யாருக்கு, ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதென்றால் எனக்கு இருந்த ஒரே ஆள் அண்ணா. தாளையும் பேனையையும் எடுத்தேன், பிறகு ஒன்றும் எழுதாமல் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன்.

அந்தக் காலத்தில் மெல்பேணில் கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் படம் வைத்துப் பூசை செய்வோம். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் மனைவிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.